வெள்ளைச் சந்து

ஒரு படக்கதைப் புத்தகத்தில், மேல் படத்துக்கும் கீழ்ப் படத்துக்கும் நடுவே ஒரு வெள்ளைச் சந்து குடியிருந்தது. அகலம் ஒரு விரல்தான். அதில் கோடு இல்லை, வண்ணம் இல்லை, மைப் புள்ளிகூட இல்லை. தான் எதற்காக இருக்கிறோம் என்று அதற்கே சரியாகத் தெரியாது.

மேல் படத்தில் ஒரு அப்பா கையில் பையோடு வீட்டு வாசலில் நின்றார். உள்ளே கட்டிலில் அவருடைய சின்ன மகள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீழ்ப் படத்தில் அதே வாசல், அதே கட்டில். ஆனால் பையோடு வாசலில் நின்றது வளர்ந்துவிட்ட மகள். கட்டிலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது நரைத்துப்போன அப்பா.

மேல் படத்தில் ஒரு பேச்சுக் குமிழ் இருந்தது. "போயிட்டு வாரேன்" என்ற ஒரே ஒரு வரிதான் அதன் வயிற்றில். அந்த ஒரு வரிக்கே அது பண்ணின அலட்டல் கொஞ்சநஞ்சமில்லை. இந்தப் பக்கத்தில் வாயுள்ளவன் நான் ஒருத்தன்தான் என்று வருகிற போகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது.

எதிர்ப் பக்கத்தில் ஒரு விளக்கப் பெட்டி. 'இதற்கிடையில்', 'அதே நேரத்தில்', 'சில நாட்கள் கழித்து' என்று கட்டியம் கூறுவதே அதன் பிழைப்பு. அதற்கு இந்த வெள்ளைச் சந்தைக் கண்டாலே ஆகாது. அவ்வளவு இடத்தை வைத்துக்கொண்டு சும்மா கிடக்கிறாயே, என்னை உள்ளே விட்டால் 'இருபது ஆண்டுகள் கழித்து' என்று போட்டு நச்சென்று முடித்துவிடுவேனே என்று நாள்தோறும் நச்சரித்தது.

அந்த நச்சரிப்புக்கு ஒரு நாள் பலம் கிடைத்துவிட்டது. புத்தகம் இன்னும் கடைக்குப் போகவில்லை. மாதிரிப் பிரதியாகத்தான் அச்சாகியிருந்தது. அதைப் புரட்டிய பதிப்பகத்துக்காரர் ஒருவர், சந்தைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, 'இங்கே ஒரு விளக்கம் சேர்க்கலாமா?' என்று ஓரத்தில் எழுதினார். சாலையை அகலப்படுத்த வருகிறவர்கள் வீட்டுச் சுவரில் சிவப்புக் குறி போட்டுவிட்டுப் போவார்களே, அப்படி இருந்தது சந்துக்கு. விளக்கப் பெட்டி அன்றைக்கே குடிவரத் தயாராகிவிட்டது.

மாதிரிப் பிரதி, துறைமுக ஊர் ஒன்றின் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே எஸ்தர் பொன்மணி என்று ஒரு நூலகர். புதுப் படக்கதைகளைப் படித்துப் பார்த்து, எது எந்த வயதுக்கு ஆகும் என்று சொல்வதில் அவர் கெட்டிக்காரர் என்று பெயர். சின்னப் பிள்ளைகளுக்குப் பச்சை ஒட்டுத்தாள், வளர்கிற பிள்ளைகளுக்கு நீலம், பெரியவர்களுக்குச் சிவப்பு. ஒவ்வொரு புத்தகத்தையும் அந்தந்த வயதில் ஒருவருக்குக் கொடுத்துப் படிக்க வைப்பார். பிறகு தனித்தனியாகக் கூப்பிட்டு, கதையில் என்ன நடந்தது என்று கேட்பார். எல்லோரும் ஒரே கதையைச் சொன்னால் புத்தகம் தேறிவிட்டது. ஆளுக்கொரு கதை சொன்னால், படம் தெளிவாக இல்லை, விளக்கம் சேர்க்க வேண்டும் என்று பதிப்பகத்துக்குச் சொல்லிவிடுவார். அவர் சொன்னால் அவர்கள் மறுபேச்சு பேச மாட்டார்கள்.

அன்றைக்கு மேசைமேல் இருந்த முயல் கதை ஒன்று எடுத்த எடுப்பிலேயே பச்சை வாங்கிக்கொண்டு துள்ளியது. விண்வெளி ரோபோக் கதை ஒன்று நீலத்தை ஒட்டிக்கொண்டு மிடுக்காகச் சாய்ந்து நின்றது. அடுத்தது நம் புத்தகத்தின் முறை.

முதலில் படித்தது ஜெனிலா என்கிற சின்னப் பிள்ளை. சந்து இருந்த பக்கம் வந்ததும், அவள் விரலால் மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு தட்டினாள். அந்தப் பக்கத்தில் என்ன நடக்குது என்று எஸ்தர் கேட்டார்.

"எடம் மாத்தி விளாடுதாங்க மிஸ்" என்றாள் ஜெனிலா. அப்பா ஜெயித்தாரா, மகள் ஜெயித்தாளா என்றுதான் தெரியவில்லையாம்.

எதிர்ப் பக்கத்தில் விளக்கப் பெட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. எஸ்தர் பென்சில் வட்டத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

அடுத்து வந்தவள் அகல்யா, பத்தாம் வகுப்பு. மளமளவென்று படித்தவள், சந்தின் முன்னால் மட்டும் நின்று, மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், மறுபடியும் மேலே போனாள். பிறகு முடிவாகச் சொன்னாள்.

"பழிக்குப் பழி மிஸ். அன்னிக்கு அவரு விட்டுட்டுப் போனாருல்லா? இப்ப அவ விட்டுட்டுப் போறா. நல்லா வேணும்."

போச்சு என்று நினைத்தது சந்து. ஒருத்தி விளையாட்டு என்கிறாள், இன்னொருத்தி பழி என்கிறாள். எஸ்தரின் கணக்குப்படி இது தேறாத புத்தகம். அவர் புத்தகத்தை முக்கால்வாசி மூடியும்விட்டார்.

"பாத்தியா, நீ வாயைத் திறக்காததால வந்த வினை" என்றது குமிழ்.

"எனக்கு வாய் இல்லையே" என்றது சந்து.

வழக்கத்தை முழுசாக முடிக்க வேண்டுமே என்பதற்காக, எஸ்தர் பத்திரிகைப் பகுதியில் இருந்த லூர்து ராயனைக் கூப்பிட்டார். சரக்குக் கப்பலில் காலமெல்லாம் ஓடி, இப்போதுதான் ஊரோடு வந்து இருப்பவர் அவர். கப்பலை விட்டு வந்த பிறகும் நடையில் ஆட்டம் போகாதவர். இது சின்னப் பிள்ளை சமாச்சாரம்லா என்று தயங்கினார். சும்மா பாருங்க அண்ணாச்சி என்று எஸ்தர் புத்தகத்தை அவர் கையில் திணித்தார்.

ராயன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்து வந்தார். அந்தப் பக்கம் வந்தது. மேல் படத்தைப் பார்த்தார். விரல் மெல்லக் கீழே இறங்கி, சந்துக்குள் வந்து நின்றது. நின்றது நின்றதுதான்.

சந்துக்கு ஒன்றும் புரியவில்லை. இதுவரை எல்லோரும் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறார்கள். உள்ளே வந்து தங்கியதில்லை. கயிறு இழுத்துக் காய்த்துப்போன விரல் அது. அவர் கீழ்ப் படத்துக்கும் போகவில்லை, பக்கத்தையும் திருப்பவில்லை.

இவருக்கும் புரியவில்லை போலிருக்கிறது என்று எண்ணி எஸ்தர் பக்கத்தில் வந்தார். "நடுவுல ஒண்ணும் போடாம விட்டுட்டாங்க அண்ணாச்சி. என்ன நடந்துச்சுன்னே தெரியல, இல்லையா?"

ராயன் நிமிரவில்லை. "எனக்குத் தெரியும்மா. இந்த வெள்ளையிலதான் நான் இருந்தேன்."

எஸ்தர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மகள் நடை பழகியது, பெரியவளானது, மேடையில் பாடிப் பரிசு வாங்கியது, எல்லாமே இந்த இடத்தில்தான் நடந்தது என்றார் ராயன். ஒவ்வொரு தடவை வரும்போதும் அவள் வேறு பிள்ளையாக இருப்பாளாம். இத்தனை நாளும் அதை யாரிடமும் சொல்லத் தெரியவில்லை. சொன்னால் கடல், புயல், கஷ்டம் என்றுதான் வாயில் வருமே தவிர, இது வராதாம். அப்புறம் கீழ்ப் படத்தைக் காட்டினார்.

"இவ போகல பாருங்க. வந்திருக்கா. பைய இன்னும் கீழ வைக்கல, அவ்வளவுதான்."

அதைக் கேட்ட எஸ்தர், மற்ற இருவரும் சொன்னதை அவரிடம் சொன்னார். ராயன் சிரித்தார். பெரிய பிள்ளைக்கு வந்த கோபம் தன் மகளுக்கும் அந்த வயதில் வந்ததுதான் என்றார். சின்னப் பிள்ளை சொன்னதிலும் தப்பே இல்லை. இப்போது மகள் கப்பல் கம்பெனி வேலையாக ஊர் ஊராக அலைவதாகவும், தான் வாசலைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் கிடப்பதாகவும் சொன்னார். இடம் மாறித்தான் போயிற்று.

எஸ்தர் மேசை இழுப்பறையிலிருந்து ரப்பரை எடுத்தார். பென்சில் வட்டத்தை அவரே அழித்தார். ஓரத்தில் இருந்த கேள்வியையும் அழித்து, தூளை ஊதிவிட்டார். ஒரே கதையைச் சொன்னால்தான் தேறும் என்று இத்தனை காலமும் எத்தனை புத்தகத்தை நிரப்ப வைத்தேனோ என்று அவருக்கு வருத்தமாக இருந்தது. பச்சை, நீலம், சிவப்பு ஒட்டுத்தாள்களை எடுத்தவர், எதையும் கிழிக்காமல் அப்படியே உள்ளே வைத்துவிட்டார்.

வரைந்தவர் யாராக இருந்தாலும் அவருக்குத் தன் பேரைச் சொல்லி நன்றி சொல்லச் சொன்னார் ராயன். பிறகு தயங்கித் தயங்கி, மகள் நேற்று ஊருக்கு வந்திருக்கிறாள், வந்ததிலிருந்து இரண்டு பேரும் சாப்டியா, தூங்கினியா என்பதைத் தவிர வேறு பேசவில்லை, இதை ஒரு ராத்திரிக்குத் தர முடியுமா என்று கேட்டார். மாதிரிப் பிரதி வெளியே போகும் வழக்கம் அந்த நூலகத்தில் கிடையாது. எஸ்தர் அதை ஒரு துணிப்பையில் போட்டு அவர் கையில் கொடுத்தார்.

வழியெல்லாம் பைக்குள் விளக்கப் பெட்டி புலம்பிக்கொண்டே வந்தது. அப்படி என்னதான் சொன்னாய் அவர்களிடம் என்று சந்தைக் கேட்டது.

"நான் என்ன சொன்னேன்? தாண்டிக் குதித்துப் போயிருக்கலாம், நின்றார்கள். கையில் இருந்ததை எல்லாம் எனக்குள் வைத்துப் பார்த்தார்கள். வெறும் தாளாகக் கிடந்தவனை ஆளாக்கியது அவர்கள்தான். நான் எப்படி நன்றி சொல்வேன் என்றுதான் தெரியவில்லை" என்றது சந்து. குமிழ் முதல் தடவையாக ஒன்றும் சொல்லாமல் வந்தது.

வீட்டில் ராயனின் மகள் ஸ்டெல்லா புத்தகத்தை வாங்கி, அப்பாவுக்கு இதென்ன புதுப் பழக்கம் என்று கேலியாகத்தான் புரட்ட ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் வந்ததும் கேலி நின்றது. மேல் படத்தைப் பார்த்தாள். அவள் விரல் கீழே இறங்கி வந்து, பாதியில் நின்றுவிட்டது.

ராயன் கட்டிலில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தன் விரலையும் அவள் விரலை ஒட்டி வைத்தார்.

ஒரு விரல் அகலமே இருந்த சந்து, தன்னால் முடிந்த மட்டும் ஒதுங்கி, இரண்டு பேருக்கும் இடம் விட்டது.