குறிஞ்சி மேட்டின் காவல்காரன்

இந்தக் கதையை எங்கேயாவது தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயம். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இருந்தாலும் சொல்லிப் பார்க்கிறேன்.

உயரமான மலை ஒன்றின் முகட்டில் இரண்டு வரையாடுகள் நடந்துகொண்டிருந்தன. மூத்தவள் கல்லி. இளையவள் அவளுடைய நாத்தனார் தளிரி. பல வருடங்களுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி அந்த வாரம் பூத்திருந்தது. இருவரும் அதுவரை அந்தப் பூவைப் பார்த்ததே இல்லை. காலையில் கிளம்பி, பார்த்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்புவதாகப் பேச்சு.

முகட்டின் ஒரு பக்கம் செங்குத்தான பாறை. மறுபக்கம் புல்வெளி. அது முழுக்க நீலம். மேகம் தரைக்கு இறங்கி, பூக்களின் நடுவே மெல்ல நகர்ந்தது. எது பூ, எது வானம் என்றே தெரியவில்லை. நடக்கிறோமா மிதக்கிறோமா என்று இருவருக்கும் சந்தேகமாக இருந்தது.

வரையாடுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒன்று மேய்ந்தால் மற்றது தலை நிமிர்ந்து நிற்கும். இரண்டும் ஒன்றாகக் குனியவே குனியாது.

"போங்க அண்ணி! இன்னிக்குமா காவல்?" என்று சிணுங்கினாள் தளிரி.

"நியாயமான கேள்வி!" என்றது ஒரு குரல். பூக்களுக்குள்ளிருந்து ஒரு செந்நாய் தலையை நீட்டியது.

இருவரும் பாறைப் பக்கம் பாய்ந்தார்கள்.

"ஐயோ, ஓடாதீங்க தங்கச்சி! நான் காலையிலேயே சாப்பிட்டாச்சு. பூப் பார்க்கத்தான் வந்தேன். ஒருத்தி தின்ன, ஒருத்தி பட்டினியா நிக்கிறதைப் பார்த்தா மனசு கேக்கலை. நான் காவல் நிக்கிறேன், ரெண்டு பேரும் நிம்மதியா மேயுங்க!"

"நல்லவரா இருக்காரு அண்ணி!" என்றாள் தளிரி.

கல்லிக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் அந்த நீலம் அவளையும் இழுத்தது. குனிந்துவிட்டாள்.

ஒரு பூ. அதற்கப்பால் இன்னொரு பூ. இப்படியே பாறை தூரமாகிப் போனது. செந்நாய் அடி மேல் அடி வைத்து நெருங்கி வந்தது.

பழக்கம் விடுமா? கல்லி தலையைத் தூக்கினாள். செந்நாய் விறைப்பாக நின்றிருந்தது. காதும் நிமிர்ந்திருந்தது. எல்லாம் காவல்காரன் மாதிரிதான். ஆனால் காவல் நிற்பவர் வெளியே அல்லவா பார்க்க வேண்டும்? இது அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது!

கல்லி பயத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. குரலை நடுங்க விடவில்லை.

"காவல்கார அண்ணே! உங்க முதுகுக்குப் பின்னாலே ஏதோ கோடு கோடா நிக்குதே, என்னன்னு பாருங்க!"

புலி என்றால் செந்நாய்க்கும் உயிர்ப் பயம்தானே! வெடுக்கென்று திரும்பியது.

"ஓடு தளிரி!"

பாறை விளிம்பு வந்தது. கீழே வெறும் மேகம். குளம்பு வைக்க மட்டுமே இடமுள்ள ஒரு பாறைப் படியில் இருவரும் குதித்து ஒட்டி நின்றார்கள்.

பின்னால் ஒன்றுமில்லை என்று கண்டு துரத்தி வந்த செந்நாய்க்கு மேலே விளிம்பில் மூச்சிரைத்தது. "ஏறி வாங்க தங்கச்சி, சும்மா பேசலாம்!"

"அங்கிருந்தே பேசுங்கண்ணே, நல்லாக் கேக்குது!" என்றாள் தளிரி.

அவள் கொம்பில் ஒரு குறிஞ்சிக் கொத்து மாட்டியிருந்தது. பயம் தெளிந்து அதை அவள் தின்று முடிக்கும்வரை, அந்தப் பாறை நடுவிலும்கூட, கல்லி தலை நிமிர்ந்தே நின்றாள்.

உனக்காகக் காவல் நிற்கிறேன் என்று யார் வந்தாலும், அவர் கண் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே தலை குனிய வேண்டும்.