ஒரே பை, இரண்டு பெயர்

தணிகைவேலுக்கு ஐம்பத்தொரு வயது. கட்டம் போட்ட அட்டவணைகளில் தரவைப் பூட்டி வைத்தே கால் நூற்றாண்டு வேலை பார்த்தவர். ரத்த வங்கிகளை இணைக்கும் மென்பொருளுக்காகத் தேனிக்கு வந்தபோது, அங்கிருந்த தரவுத்தளத்தில் அட்டவணையே இல்லை. தன்னைவிடப் பதினான்கு வயது இளையவரான மெஹருன்னிசாவிடம் மாணவராக உட்கார்ந்தார்.

மலைமேல் ஒரு ஆஸ்பத்திரி, கீழே தேனி நகரத்தில் ஒன்று. ஒரே தரவுத்தளத்தின் இரண்டு பிரதிகள் இரண்டு இடத்திலும் ஓடின. ஒன்றில் எழுதினால் மற்றதற்கும் போய்ச் சேரும்.

ஒரு மழை நாள் மதியம் அவர் கேட்டார்.

"மேடம், அட்டவணை இல்லாத தரவுத்தளத்துல நாலு வகையையும் ஒப்பிட்டுட்டேன். ஆவணமா வைக்கிறது, சாவியைக் கொடுத்தா மதிப்பைத் தர்றது, பத்தி பத்தியா அடுக்குறது, வலையாப் பின்னுறது. எது சிறந்தது?"

"எல்லாம் பழுதில்லாம ஓடிக்கிட்டு இருக்கும்போது ஒப்பிட்டீங்களா?"

"ஆமா."

"அப்ப இன்னும் ஒப்பிடல சார்."

மூன்று மணிக்கு மலைச்சரிவில் மண் இடிந்து, இரண்டு ஆஸ்பத்திரிகளையும் இணைத்த கேபிள் அறுந்தது. இரண்டு பிரதிகளும் ஒன்றையொன்று பார்க்க முடியாமல் தனித்தனியே ஓடின.

மூன்றே முக்காலுக்கு மலை ஆஸ்பத்திரி நர்ஸ் ரோசலி செல்போனில் கூப்பிட்டார்.

"சார், ஓ நெகட்டிவ் பையை எடுக்கக் கீழேயிருந்து வண்டி வந்துக்கிட்டே இருக்காம். இங்க இருந்தது ஒரே பை. பிரசவத்துல ரத்தம் நிக்காத பொண்ணுக்கு அதை ஏத்திக்கிட்டு இருக்கோம்."

தணிகைவேல் திரையைப் பார்த்தார். கீழே உள்ள பிரதியில் அதே பை, நாலரை மணி அறுவை சிகிச்சைக்கு என்று பதிவாகியிருந்தது. கேட்ட இருவருக்கும் தரவுத்தளம் "சரி" சொல்லியிருந்தது.

மெஹருன்னிசா போனை அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஆபரேஷன் பண்ணப்போற டாக்டர்கிட்ட சொல்லுங்க."

"நானா? நான் கத்துக்க வந்தவன் மேடம்."

"அதனாலதான்."

அவர் எண்ணை அழுத்தினார்.

"டாக்டர், அந்த ரத்தம் வராது."

"உங்க திரையில இருக்குன்னுதானே நோயாளியை உள்ள கொண்டுவரச் சொன்னேன்? மயக்க மருந்து கொடுக்கப் போறாங்க. இருக்கா, இல்லையா?"

"இல்லை."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அறுவை சிகிச்சை நின்றது. மறுநாள் காலை திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் வந்து ரத்தம் கொடுத்த பிறகுதான் நடந்தது. நோயாளி பிழைத்தார். மலையில் அந்தப் பெண்ணும் கண் திறந்தாள்.

கேபிள் சரியானதும் இரண்டு பிரதிகளும் ஒன்றுசேர்ந்தன. ஒரே பைக்கு எதிரே இரண்டு பெயர்கள் இருந்தன. தணிகைவேல் அதைக் காட்டினார்.

"இது நீங்க தேர்ந்தெடுத்தது மேடம். இணைப்பு போனாலும் தனக்குத் தெரிஞ்சதைச் சொல்லிடும். இன்னொரு வகை இருக்கு. எல்லாப் பிரதியும் ஒத்துக்கிற வரைக்கும் வாயைத் திறக்காது. அதை வச்சிருந்தா இந்தத் தப்பு நடந்திருக்காது."

"நடந்திருக்காது."

"மாத்திடலாமா?"

"ரோசலிகிட்ட ஒண்ணு கேளுங்க. நேத்து அவங்க திரை 'இணைப்பு இல்லை, காத்திருக்கவும்'னு காட்டியிருந்தா என்ன செஞ்சிருப்பாங்கன்னு."

அவர் கேட்டார். மறுமுனையில் ரோசலி தயங்கவே இல்லை.

"காத்திருந்திருப்பேன் சார். பதிவாகாம பையைத் தொடக் கூடாதுன்னு மேடம்தானே பயிற்சியில சொன்னாங்க."

"எவ்வளவு நேரம்?"

"அந்தப் பொண்ணுக்கு அவ்வளவு நேரம் இல்லை சார்."

தணிகைவேல் போனை மெல்ல வைத்தார்.

"அப்ப எதுதான் மேடம் சரி?"

மெஹருன்னிசா அவரை நேராகப் பார்த்தார்.

"கேபிள் அறுந்த அன்னைக்கு நீங்க யாருக்காவது போன் பண்ணித்தான் ஆகணும் சார். நேத்து டாக்டருக்குப் பண்ணினீங்க. நீங்க சொல்றதுக்கு மாத்தினா, அந்தப் பொண்ணோட வீட்டுக்காரருக்குப் பண்ணணும். நம்பர் தரட்டுமா?"