பதிவில் வராத தேவநேசன்

“வீட்டுல அருமையா வருது டீச்சர். இங்க வந்தா வரமாட்டேங்கு. என்ன செய்ய?”

கேட்டவர் தேவநேசன். பாளையங்கோட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். தேவாலயப் பாடகர் குழுவில் கனத்த குரல் அவருடையதுதான். பாட்டு டீச்சர் பெர்சிஸுக்கு அவருடைய மகள் வயது.

வாரத்துக்கு ஒரு ஒத்திகை எந்த மூலைக்கு? அதனால் டீச்சர் வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கியிருந்தார். அவரவர் பாட வேண்டியதைப் பாடி அதில் போடுவார். மற்றவர்கள் அதைக் கேட்டுப் பழகிவிட்டு, தங்கள் குரலைப் பதிந்து டீச்சருக்குத் தனியாக அனுப்ப வேண்டும்.

தேவநேசன் அனுப்பியதைக் கேட்டுவிட்டுத்தான், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைப் பாட்டில் வரும் தனிக்குரல் வரிகளை அவருக்குக் கொடுத்தார் டீச்சர்.

இன்றைய ஒத்திகையில் மூன்றாவது வரி மேலே ஏறியது. தேவநேசன் ஏறவில்லை. குரல் பிசிறடித்து, பாதியில் நின்றது.

மச்சினன் எட்வின் பாட்டுத்தாளால் வாயைப் பொத்திக்கொண்டான். அந்த வரிகள் மேல் அவனுக்கு முதலிலிருந்தே ஒரு கண்.

டீச்சர் தன் கைபேசியை எடுத்து, தேவநேசன் அனுப்பிய பதிவைப் போட்டார். மணி மணியான குரல்.

“இது யாரு அண்ணாச்சி?”

“நான்தான்.”

“எத்தனையாவது தடவை பாடுனது?”

தேவநேசன் கூரையைப் பார்த்தார். “அது... கணக்கு வைக்கல.”

“மத்ததெல்லாம் எங்க?”

“அழிச்சிட்டேன். நல்லாவே இல்லை டீச்சர். நாய் கேட்டா ஊளையிடும்.”

“அதையெல்லாம் பாடுனது யாரு?”

“அதுவும் நான்தான்.”

“அவரைக் கூட்டிட்டு வாங்க. நான் அவருக்குத்தான் டீச்சர். இவருக்குச் சொல்லிக்கொடுக்க என்கிட்ட ஒண்ணுமில்ல.”

கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

தேவநேசன் வீட்டுக்கு வந்து மனைவி ரோஸ்லினிடம் நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

“யாரைக் கூட்டிட்டு வரச் சொல்லுதாங்க?”

ரோஸ்லின் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “எனக்குத் தெரிஞ்சு இந்த வீட்ல ஒரு ஆளுதான் இருக்காரு” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அவர் அறைக்கதவைச் சாத்தினார். வழக்கம்போல் மின்விசிறியை நிறுத்தினார். பதிவுப் பொத்தானை அழுத்திப் பாடினார். மூன்றாவது வரியில் குரல் உடைந்தது. விரல் தானாக அழிக்கப் போனது.

அங்கேயே நின்றது.

கொஞ்ச நேரம் வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்தார். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

கண்ணை மூடியிருக்கக் கூடாது. பதிவு டீச்சருக்குப் போகவில்லை. குழுவுக்குப் போயிருந்தது. குரல் உடைந்த பிறகும் பதிவு ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

குழு முழுவதும் கேட்டது. உடைந்த குரலைக் கேட்டது. அதற்குப் பிறகு வந்த “சே!”யைக் கேட்டது. குக்கர் விசிலைக் கேட்டது. “ரோசி, அந்தக் குக்கரை நிப்பாட்டு!” என்ற கத்தலையும், “நீங்க நிப்பாட்டுங்க, அது சுதியோடதான் கத்துது!” என்ற பதிலையும் கேட்டது.

சிரிக்கும் முகங்கள் வரிசை வரிசையாக வந்து விழுந்தன. எட்வின் மட்டுமே ஒரு கைப்பிடி முகம் போட்டிருந்தான்.

வேறு சபைக்கு மாறிவிடலாமா என்றுகூட தேவநேசன் யோசித்தார்.

அப்போது டீச்சரின் குரல் குழுவில் வந்தது. பயந்துகொண்டே கேட்டார்.

“அண்ணாச்சி, ரெண்டாவது வரி முடிஞ்சதும் நீங்க மூச்சே எடுக்கல. முதல்ல இழுத்த மூச்சு மூணாவது வரிக்கு எப்படிப் பத்தும்? நல்ல பதிவுல இது எனக்குக் கேக்கவே இல்லையே! மூச்சு எடுத்துட்டு இப்பவே ஒருக்கப் பாடுங்க.”

பாடினார். இரண்டாவது வரி முடிந்தது. வயிறு நிறைய மூச்சு எடுத்தார். மூன்றாவது வரி மேலே ஏறியது. கொஞ்சம் முனகிக்கொண்டேதான் ஏறியது. ஆனால் உடையவில்லை.

குக்கர் விசிலோடு அதையும் குழுவிலேயே போட்டார்.

“பண்டிகைக்கு இதே ஆள் வந்தாப் போதும்” என்றார் டீச்சர்.

சற்று நேரத்தில் கைபேசி மறுபடி கிணுகிணுத்தது. எட்வின். இன்னும் என்ன கேலி மிச்சம் வைத்திருக்கிறானோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு திறந்தார்.

கேலி இல்லை. எட்வின் அதே வரிகளைப் பாடிக் குழுவில் போட்டிருந்தான். முதல் வரியிலேயே குரல் உடைந்து, இருமலில் முடிந்திருந்தது.

தேவநேசன் அதை முழுவதும் கேட்டார். ஆசை தீர இன்னொரு முறை கேட்டார்.

பிறகு அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“ரோசி, உன் தம்பி மூச்சே எடுக்கலம்மா!”