நூறு இடத்தில் பிடித்த கன்று

மாடும் ஆடும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், கொம்புள்ள சாதியின் தாய்களுக்கு வயிற்றுக்குள் ஒரு வீடு இருந்தது. கடாவின் கொம்பு மாதிரியே இரண்டு பக்கமும் வளைந்த இரண்டு அறை வீடு. அதைச் சுத்தமாக வைத்திருக்கச் சாமி ஒருத்தியை அமர்த்தியிருந்தது. பெருக்கும் சீமாறும் கையுமாகவே அலைந்ததால் அவளுக்குச் சீமாத்துக்காரி என்றே பெயர் விழுந்துவிட்டது. காற்று மாதிரி ஆள், எங்கேயும் நுழைந்துவிடுவாள். செம்மறிக்குப் பதினேழு நாளுக்கு ஒரு தரம், மாட்டுக்கு இருபத்தொரு நாளுக்கு ஒரு தரம் என்று முறை வைத்துப் பெருக்குவாள்.

பெருக்கும் முன்னால் வாசலில் நின்று, "உள்ள ஆராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்பாள். பதில் சொல்ல வேண்டியது தாய். "இருக்குதுங்" என்றால் சத்தமில்லாமல் திரும்பிவிடுவாள். "இல்லீங்" என்றால் பெருக்குவாள். பிள்ளை ஒரு சொட்டாக ஏதோ ஒரு மூலையில் கிடக்கும். சுவரைப் பிடிக்கத் தெரியாது. தாய் பதனமாக நடந்தால் நிற்கும், ஓநாய்க்குப் பயந்து ஓடினால் நழுவிப் போகும்.

கிளுவை வேலி சூழ்ந்த ஒரு மேய்ச்சல் காட்டில் மயிலை என்றொரு பசு இருந்தாள். அவளோடு வளர்ந்த கிடேரிகள் எல்லாம் இரண்டு ஈத்து, மூன்று ஈத்து கண்டுவிட்டன. இவளுக்கு மட்டும் ஒன்றும் தங்கவில்லை. தண்ணீர்த் தொட்டியில் அடுத்தவள் கன்று ஆள் தெரியாமல் இவள் மடியை முட்டும். முட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று ஓடிவிடும். அன்றைக்கெல்லாம் மயிலைக்குப் புல் இறங்காது.

ஒருநாள் சீமாத்துக்காரி வந்து வழக்கம்போலக் கேட்டாள். உள்ளே யாரும் இல்லை. மயிலைக்கும் தெரியும். இருந்தாலும் வாய் முந்திக்கொண்டது.

"இருக்குதுங்" என்றாள்.

பொய்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்திருந்தால் யாருக்கும் கோபம் வந்திருக்காது. அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு அவள் ஒரு மாதம் சந்தோஷமாக இருந்தாள். மெதுவாக நடந்தாள், பள்ளத்தில் இறங்காமல் சுற்றிப் போனாள். பிறகு பெருக்காத வீடு கெட்டது. காய்ச்சல் வந்து கால் மடிந்து விழுந்தாள். சீமாத்துக்காரி ஓடிவந்து மூன்று நாள் மூச்சுவிடாமல் கழுவித்தான் அவள் உயிரை மீட்டாள்.

"எதுக்கு அம்மணி இப்பிடிப் பண்ணுன? செத்திருப்பியே!"

மயிலை தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்ற கன்றுகளைப் பார்த்தாள்.

சீமாத்துக்காரிக்கு வந்த கோபத்தில் பாதி பயம். "இனிமேல் தாய் சொல்லு செல்லாது. உள்ள இருக்கறவங்களே பதில் சொல்லட்டும். சொல்லாட்டிப் பெருக்கிப்போடுவேன்" என்று மாட்டுக்கும் ஆட்டுக்கும் சேர்த்துச் சட்டம் போட்டுவிட்டுப் போனாள்.

விதியைப் பாருங்கள், அடுத்த தரம் மயிலைக்கு நிஜமாகவே கரு தங்கியது. அதே நாளில் அவள் சிநேகிதி கருங்காதிக்கும் தங்கியது. காது இரண்டும் கறுத்த செம்மறி அவள். மயிலையோடுதான் மேய்வாள், மயிலையின் நிழலில்தான் படுப்பாள்.

முதலில் வந்தது ஆட்டின் பதினேழாம் நாள். சாயங்காலம் கருங்காதி தலையைத் தொங்கப்போட்டு வந்து நின்றாள்.

"போயிருச்சுக்கா."

"சொல்லிப் பாக்கலியா புள்ள?"

"இருக்குது இருக்குதுன்னு நான் கத்துனேன். தாய் சொல்லு செல்லாதுன்னு சொல்லிப்போட்டா. என்ற குட்டிக்கு வாயா இருக்குது பதில் சொல்ல?"

"என்னாலதான் புள்ள. நான் சொன்ன பொய்யால" என்று மயிலை அழுதாள்.

கருங்காதிக்கும் கோபம் இல்லாமல் இல்லை. இருந்தாலும் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு சொன்னாள். "உனக்கு இன்னும் நாலு நாள் இருக்குது. நல்லாக் கேட்டுக்கோ. உள்ள ஒரே இருட்டு, அவளுக்குக் கண்ணுத் தெரியாது. சீமாத்த நீட்டித் தடவிப் பாத்துட்டுத்தான் பெருக்கறா. நடு அறையில தடவுனா. என்ற குட்டி அந்தக் கோடியில கெடந்துச்சு. சீமாறு படவே இல்ல. பட்டிருந்தா நின்னுருப்பா."

அந்த நாலு நாளும் மயிலை சரியாக மேயவில்லை. வெள்வேல மரத்தடியில் நின்று தன் வயிற்றோடு பேசிக்கொண்டிருந்தாள். "கண்ணு, அவ எங்க தடவுவான்னு நமக்குத் தெரியாது. ஒரு மூலையில இருக்காத சாமி. நீளு. இந்த அறையிலிருந்து அந்த அறை வரைக்கும் நீளு." மற்ற மாடுகள், கழுத்துக் கயிற்றோடு இவளுக்குப் புத்தியும் அவிழ்ந்துவிட்டது என்று கேலி பேசின. கருங்காதி மட்டும் பக்கத்தை விட்டு நகரவில்லை.

கன்றுக்குக் காது முளைக்கவில்லை, கை கால் முளைக்கவில்லை. அப்படியும் அது கேட்டது. வெள்ளரி விதை அளவு இருந்தது விரல் அளவு ஆனது. விரல் முழம் ஆனது. பருமனே இல்லாமல் நூல் மாதிரி மெலிந்து, ஓர் அறையைத் தாண்டி அடுத்த அறைக்குள்ளும் ஓடியது.

இருபத்தோராம் நாள் சீமாத்துக்காரி வந்தாள். "உள்ள ஆராச்சும் இருக்கீங்களா?"

பதில் இல்லை. மயிலை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

சீமாத்துக்காரி சீமாற்றை நீட்டினாள். மெத்தென்று ஏதோ பட்டது. இடது பக்கம் தடவினாள், அங்கேயும் பட்டது. வலது பக்கத்துக் கோடிக்குப் போனாள், அங்கேயும்.

"ஆரு சாமி நீ, வீடு பூராவும் படுத்துக்கிட்டு?" என்றவள், சீமாற்றைக் கீழே போட்டு உட்கார்ந்துவிட்டாள். நாலு நாளுக்கு முன்னால் பெருக்கித் தள்ளியது என்னவென்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாய்விட்டு அழுதாள்.

அழுது முடித்து எழுந்தவள் மயிலையிடம் சொன்னாள். "அம்மணி, புள்ள நூலாட்டம் கெடக்குது. நீ நாலு எட்டு வெச்சா நழுவிரும். மத்த சாதியில சிலதுக சுவத்தத் தோண்டி வேர் விட்டுக்குதுக. இதையும் தோண்டச் சொல்லட்டுமா? உனக்கு நோவும், ரத்தம் போவும்."

"தோண்டட்டுங். எனக்கு நொந்தா என்ன?"

ஆனால் கன்று தோண்டவில்லை. தாய் எவ்வளவு சொல்லியும், தன்னை நீட்டிக்கொண்டதே தவிர, தாய்க்கு நோகுமே என்று சுவரைக் கீற மறுத்துவிட்டது. மயிலைக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

சீமாத்துக்காரி சுவருக்கு வெளியே போனாள். கட்டைவிரலால் ஓர் இடத்தில் அழுத்தினாள். உள்பக்கம் பொத்தான் மாதிரி ஒரு குமிழ் எழும்பியது. இன்னோர் இடம், இன்னோர் இடம் என்று நூறு இடத்தில் அழுத்தினாள். "இந்தா கண்ணு, தோண்டாட்டிப் போவுது, புடிச்சுக்க." கன்று ஒவ்வொரு குமிழையும் மெத்தென்று கவ்விப் பிடித்துக்கொண்டது. ஒரு பிடி தளர்ந்தாலும் மீதிப் பிடி தாங்கும். மயிலை பயந்து பயந்து ஓர் எட்டு வைத்தாள். பிறகு காடு முழுக்க நடந்தாள்.

கருங்காதிக்கு மறுபடி கரு தங்கியபோது, அந்தக் குட்டியும் பதினேழு நாளுக்குள் நீண்டுகொண்டது. அவள் வீட்டில் மட்டும் சீமாத்துக்காரி உள்ளே நின்று அழுத்தினாள். குமிழுக்குப் பதிலாகச் சின்னக் கிண்ணம் கிண்ணமாகக் குழி விழுந்தது. "ஒண்ணத் தொலைச்சவ அம்மணி நீ. உன்ற குட்டி குழிக்குள்ள உக்காந்து புடிக்கட்டும்" என்றாள்.

ஒன்பது மாதம் நிறைந்து மயிலை ஈன்றாள். கன்று நனைந்த காதை ஆட்டிக்கொண்டு எழுந்து, நேரே அவள் மடிக்கு வந்து முட்டியது. முட்டிவிட்டு ஓடவில்லை, குடித்தது. ஆனால் குமிழ்களைப் பிடித்திருந்த நஞ்சுக்கொடி, அந்த இளங்கொடி மட்டும் விழாமல் தொங்கியது. மேய்ப்பவர் ஒருவர் இழுக்கப் போனார்.

"கைய எடுங்க!" என்று வாசலிலிருந்து சீமாத்துக்காரியின் குரல் அதட்டியது. "இவ்வளவு நாள் புடிச்சது, இழுத்த ஒடனே விட்டுருமா?"

பொழுது சாய்வதற்குள் கொடி தானாக விழுந்தது. அதன் பிறகுதான் சீமாத்துக்காரி சீமாற்றைக் கையில் எடுத்தாள்.

அன்றைக்குத் தொடங்கியதுதான், கன்றும் குட்டியும் கருவில் முதலில் நூலாக நீண்டு, தாயைத் தோண்டாமல் பல இடத்தில் பிடித்துக்கொண்டு வளர்வதும், ஈன்ற மாட்டின் இளங்கொடியை யாரும் இழுக்காமல், அது ஒவ்வொரு பிடியாக விடும்வரை பக்கத்தில் காத்து உட்கார்ந்திருப்பதும்.