ஆட்சேபம் எதுவும் எழவில்லை

"ஜனங்க வாயே திறக்க மாட்டேங்கிறாங்க சாமி" என்றாள் குமுதவல்லி.

சாமி மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

நகரத்தில் பஸ் போய் நிற்கும் கடைசி இடத்துக்கும் அப்பால், ஆற்றை ஒட்டித் தகரக் கூரை போட்ட சின்ன மடம் அது. சாமிக்கு நாற்பது வயதுகூட இருக்காது. குமுதவல்லிக்கு ஐம்பத்தாறு. தன்னைவிடச் சின்னவர் காலில் விழுவதா என்று ஆரம்பத்தில் அவளுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

அவள் மாநகராட்சியில் சமூக அமைப்பாளர். தெருத்தெருவாகப் போய், ஜனங்களைக் கூட்டி உட்காரவைத்து, மாநகராட்சி உங்களோடுதான் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவர்கள் சொல்வதைக் கேட்டு வர வேண்டும். சொல்லுகிற பாதி வருஷக்கணக்காக நடந்துகொண்டுதான் இருக்கிறது. கேட்கிற பாதிதான் இழுபறி.

களைத்துப்போயிருந்தாள். முட்டி தேய்ந்துவிட்டது. மைக் பிடித்துப் பிடித்துத் தொண்டையும் போய்விட்டது.

"காளவாய்த் தெருவுல கூட்டம் போட்டோம் சாமி. பந்தல், நாற்காலி, டீ, பன்னு, எதுலயும் குறை வைக்கல. தெருவே வந்துது. அந்தக் காலி இடத்துல குப்பை தரம் பிரிக்கிற கூடம் கட்டப்போறோம், உங்க கருத்து என்னன்னு கேட்டேன். ஒருத்தர்கூடப் பேசல."

சாமி ஒரு மொச்சையைப் பிதுக்கினார்.

காளவாய்த் தெருவில் வீடு என்றால் ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவுதான். ஒரு வீட்டுக்கும் பட்டா கிடையாது. கல்யாணமென்றால் பந்தல் அந்தக் காலி இடத்தில். சாவு விழுந்தாலும் உடலைக் கிடத்தி உறவுக்காரர்களுக்குக் காட்டுவது அங்கேதான். வேறு இடமில்லை.

இது குமுதவல்லிக்கு நன்றாகவே தெரியும். இரண்டு முறை கண்ணால் பார்த்திருக்கிறாள். கூட்டத்தில் யாராவது எழுந்து அதைச் சொல்வார்கள் என்று காத்திருந்தாள். அவளே சொன்னால் அது அலுவலரின் சொந்தக் கருத்து ஆகிவிடும். ஜனங்கள் சொன்னால்தான் அறிக்கையில் ஏறும்.

ஜனங்கள் சொல்லவில்லை.

பந்தல் வாசலில் பெயர், கதவு எண், போன் நம்பர் எல்லாம் எழுதிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். மேடையில் கவுன்சிலர் நடுவில் இருந்தார். ஒரு பக்கம் உதவிப் பொறியாளர், ஒரு பக்கம் குமுதவல்லி. "தயங்காம பேசுங்க, இது உங்க கூட்டம்" என்று அவள் மூன்று தரம் சொன்னாள். பின்வரிசையில் சந்தனமேரி என்ற பெண் ஒருத்தி எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். மேடையை ஒரு பார்வை பார்த்தாள். உட்கார்ந்துவிட்டாள்.

கால் மரத்துப்போயிருக்கும் என்று குமுதவல்லி நினைத்துக்கொண்டாள்.

"யாரும் பேசலைன்னா 'ஆட்சேபம் எதுவும் எழவில்லை'ன்னு எழுதிக் கொடுக்கறது வழக்கம் சாமி. மாசக் கடைசிக்குள்ள கொடுக்கணும். கொடுத்துட்டா மறுநாளே அஸ்திவாரம் தோண்டிடுவாங்க. அந்தச் சனங்களைப் பேசவைக்க என்ன வழி?"

சாமி ஒரு மொச்சையைத் தனியாக எடுத்து ஓரமாக வைத்தார்.

மொச்சை தீரும்வரை அவள் காத்திருந்தாள். தீர்ந்தது. அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

*

வீட்டுக்கு வந்தும் அவளுக்கு மொச்சை ஞாபகமாகவே இருந்தது.

ஏன் மொச்சை? தோலை நீக்கு என்கிறாரா? பந்தல், மேடை எல்லாம் தோல்தானே. அல்லது, பிதுக்கினால்தான் வெளியே வரும் என்கிறாரா? நடுவில் ஒன்றைத் தனியாக எடுத்து ஓரமாக வைத்தாரே, அது சொத்தையா, இல்லை அது யாரோ ஒருத்தரைக் குறிக்கிறதா?

தூக்கம் வரவில்லை. புரண்டு புரண்டு படுத்தாள். குருவின் மௌனம் லேசுப்பட்டதா என்ன. அலுவலகத்தில் அவள் மேஜையில் காளவாய்த் தெரு ஃபைல் அப்படியே கிடந்தது. அவள் அதைத் தொடக்கூட இல்லை. தொடவும் நேரமில்லை. மனசெல்லாம் மடத்தில் இருந்தது.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனாள். கேள்வியைத் தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று முடிவுசெய்திருந்தாள். வாரம் முழுக்க யோசித்துக் கேள்வியைத் திருத்தி வைத்திருந்தாள்.

"அவங்களை விடுங்க சாமி. நான் என்ன செய்யணும்?"

சாமி ஆற்றைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். எழுந்து போனார்.

மடத்தில் சமையலைப் பார்த்துக்கொள்கிற சீடன் சாரங்கன். சாமியின் ஒவ்வொரு தும்மலுக்கும் உரை எழுதக்கூடியவன். அவனிடம் போய்க் கேட்டாள்.

"சாமி எந்தப் பக்கம் பார்த்தாருக்கா?"

"ஆத்தை."

"தண்ணி ஓடற பக்கமா, மணல் பக்கமா?"

"கவனிக்கலையே தம்பி."

"கவனிச்சிருக்கணும்க்கா" என்றான் சாரங்கன் வருத்தமாக. "ரெண்டுக்கும் அர்த்தம் வேற வேற."

அவள் தன்னையே நொந்துகொண்டாள். இவ்வளவு வருஷம் வந்தும் பார்க்கத் தெரியவில்லையே. அந்த வாரமும் தூக்கம் போயிற்று. சாப்பாடு இறங்கவில்லை.

*

மூன்றாவது ஞாயிறு முட்டி வலி தாங்கவில்லை. இரண்டு பஸ் மாறிப் போக முடியாது போலிருந்தது. உதவிப் பொறியாளர் பத்மநாபன் தன் காரில் கொண்டுவிடுவதாகச் சொன்னார். "நானும் சாமிகிட்ட ஒரு ஆசீர்வாதம் வாங்கிக்கறேன் மேடம்."

பத்மநாபன் கெட்டவர் இல்லை. ஆனால் எந்த இடத்துக்குப் போனாலும் கட்டடத்தைத்தான் முதலில் பார்ப்பார். மடத்துத் தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தார். தூணைத் தட்டிப் பார்த்தார். ஆற்றுக்கும் சுவருக்கும் எவ்வளவு தூரம் என்று கண்ணாலேயே அளந்தார். அப்புறம்தான் உட்கார்ந்தார். "நம்ம மாநகராட்சி எஞ்சினியர் சாமி" என்றாள் குமுதவல்லி.

இந்தத் தடவை அவள் கேள்வியைச் சுருக்கிக்கொண்டாள்.

"எழுதிடட்டுமா சாமி?"

சாமி அவளைப் பார்த்தார். பத்மநாபனைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

பத்மநாபன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேரும் கும்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார்கள்.

காரில் பத்மநாபன் சொன்னார்: "சாமியே வேண்டாம்னு சொல்லல. அப்புறம் என்ன மேடம், எழுதிடுங்க."

குமுதவல்லிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அவர் பேசலைன்னா சரின்னு ஆயிடுமா? அவர் மௌனத்துக்கு ஆயிரம் அர்த்தம் இருக்கு. உங்க இஷ்டத்துக்கு ஒண்ணை எடுத்துக்க முடியாது. தெரியலைன்னா திரும்பப் போய்க் கேட்கணும். புரியறவரைக்கும் கேட்கணும். இதெல்லாம் உங்களுக்குப் புரியாது பத்மநாபன்."

பத்மநாபன் வண்டியை ஓட்டுவதில் கவனமாக இருந்தார்.

*

மாசக் கடைசி வந்துவிட்டது. மறுநாள் காலை அறிக்கை போக வேண்டும். அறிக்கை அடித்துத் தயாராகக் கைப்பையில் இருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. கமிஷனர் அலுவலகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. இந்த வருஷம் மக்கள் பங்கேற்பில் அவளுடைய வட்டத்துக்கு விருது என்று பேச்சு அடிபட்டது. ஓய்வு பெறப் போகிற சமயத்தில் அது கிடைத்தால் நன்றாகத்தான் இருக்கும். இத்தனை வருஷ அலைச்சலுக்கு ஏதாவது ஒன்று.

அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பினாள். பஸ் மாறுகிற இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. மடத்துக்கு வந்தபோது தொப்பலாக நனைந்திருந்தாள்.

சாமி ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். "தலையைத் துவட்டுங்கம்மா முதல்ல."

அந்த ஒரு வார்த்தைக்கே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"எனக்கு எட்டல சாமி. மூணு வாரமா மண்டையை உடைச்சுக்கறேன். நீங்க மொச்சை உரிச்சீங்க. ஆத்தைப் பார்த்தீங்க. கண்ணை மூடிக்கிட்டீங்க. ஒவ்வொண்ணும் என்ன சொல்லுதுன்னு யோசிச்சு யோசிச்சு ஒரு நாள்கூட ஒழுங்காத் தூங்கல. எனக்கு அந்தப் பக்குவம் இல்ல சாமி. நீங்களே வாயைத் திறந்து சொல்லிடுங்க. ஏன் பேசல?"

சாமி அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"முதல் வாரம் பல்வலி" என்றார்.

"சாமி?"

"கடைவாய்ப் பல்லு. வாயைத் திறந்தா உயிர் போச்சு. அப்புறம் பிடுங்கிட்டாங்க."

குமுதவல்லி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டாவது வாரம்?"

"நீங்க கேட்டதுக்கு எனக்குப் பதில் தெரியல. இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க, தெரியலைன்னு எப்படிச் சொல்றதுன்னு வெட்கமா இருந்துது. ஆத்தைப் பார்த்துக்கிட்டு இருந்துட்டேன்."

சமையல்கட்டில் சாரங்கன் எதையோ கீழே போட்டான்.

"அப்போ போன வாரம்?"

சாமி அண்ணாந்து கூரையைப் பார்த்தார். தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"கூட ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தீங்க. மாநகராட்சி எஞ்சினியர்னு சொன்னீங்க. அவர் கூரையையே பார்த்துக்கிட்டிருந்தார். இந்த மடம் புறம்போக்குல இருக்கும்மா. அவரை எதிர்ல வச்சுக்கிட்டு நான் என்ன பேசறது?"

குமுதவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை நாள் கழித்து வந்த சிரிப்பு. தோள் குலுங்கச் சிரித்தாள். மொச்சையை நினைத்து, மணலை நினைத்துச் சிரித்தாள்.

சாமியும் கொஞ்சம் சிரித்தார். அவள் அடங்கும்வரை காத்திருந்தார்.

"நான் பேசலைன்னு மூணு வாரமாத் தூங்கலைங்கிறீங்க."

"ஆமா சாமி."

"காளவாய்த் தெருக்காரங்களும்தான் பேசல. அன்னிக்கு?"

அவள் கையிலிருந்த துண்டை மடித்தாள். மடித்ததைப் பிரித்தாள். மழை விடுவதாக இல்லை.

"அன்னிக்கு நல்லாத் தூங்கினேன் சாமி" என்றாள்.