கரடி போட்ட ஒரு சிட்டிகை

"கோதுமை ஆகாதாம்! கௌதாரிக்குக் கோதுமை ஆகாதாம்! தானியம் கொத்தத்தானே அந்த மூக்கு? என் கைக் களி மட்டும் கசக்கிறதாம்!"

குளக்கரையில் நின்று கரடி கத்தியது எழுத்துக்கு எழுத்து இப்படித்தான். காட்டில் பாதிப் பேர் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

மலையடிவாரத்து வயலில் கோதுமை அறுப்பு முடிந்தால், சிந்திய கதிரெல்லாம் காட்டுக்குத்தான். கரடி அதைப் பொறுக்கி இடித்து, தேன் விட்டுக் களி கிண்டும். உருண்டை பிடித்து ஒவ்வொருவர் வாயிலும் தன் கையாலேயே ஊட்டும். அதை வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. கௌதாரி சொல்லிவிட்டாள்.

"அக்கா, உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. குறை என் குடலில்தான்" என்றாள் கௌதாரி. "கோதுமை உள்ளே போனால் குடல் புண்ணாகிவிடுகிறது. அப்புறம் எதைத் தின்றாலும் உடம்பில் ஒட்டுவதில்லை. போன வருஷம் இறகெல்லாம் உதிர்ந்து, அடைகாக்கத் தெம்பில்லாமல், என் முட்டைகள் சில்லிட்டுப் போனதே, மறந்துவிட்டீர்களா? கொக்கு வைத்தியர் சொன்ன பிறகு தினையும் சாமையும்தான் தின்கிறேன். இப்போது மறுபடியும் முட்டையிட்டிருக்கிறேன். இதையாவது காப்பாற்ற வேண்டாமா?"

"அட, மயிலும்தான் கோதுமையை விட்டான்!" என்று கிளையிலிருந்து குரங்கு கூவியது. "விட்டால் தோகை பளபளக்கும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். நேற்று சாயங்காலம் பார்த்தால் கதிர்க் குவியலுக்குள் கழுத்துவரை நிற்கிறான்! செத்தா போனான்?"

"ருசி... சும்மா ருசி பார்த்தேன்" என்று மயில் முனகியது.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"இவளும் அதே கூட்டம்தான்! எல்லாம் பகட்டு!" என்றது கரடி.

மயில் அழகுக்காக விட்டது. கௌதாரி உயிருக்காக விட்டாள். இந்தச் சின்ன வித்தியாசம் அத்தனை பெரிய தலைகளில் ஒன்றுக்கும் ஏறவில்லை.

மறுநாள் கரடி வெகு இனிமையாக வந்தது. "சரிடி, உனக்குத் தனியாகத் தினைக் களி கிண்டித் தருகிறேன். விருந்துக்கு வந்துவிடு."

"தனிச் சட்டியிலா அக்கா?"

"தனிச் சட்டிதான்டி!"

சட்டி தனிதான். ஆனால் இறக்கும் நேரத்தில் கரடி அதில் ஒரு சிட்டிகை கோதுமை மாவைத் தூவியது. கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. பிடிவாதத்துக்கு மருந்து கொடுப்பதாக நினைப்பு! இந்த மாதிரி ஆட்களுக்குத் தாங்கள் கெடுதல் செய்கிறோம் என்று ஒருநாளும் தோன்றாது. அதுதான் தொல்லையே.

விருந்தன்று காலையில் கௌதாரி ஆசையாக வாயைத் திறந்தாள். "எவ்வளவு நாளாயிற்று அக்கா, உங்கள் கையால் சாப்பிட்டு! அமிர்தம்!"

கரடி துள்ளிக் குதித்தது. "எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்! அதில் கோதுமை மாவு போட்டிருந்தேன்! என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை!"

ஒரே கைதட்டல். கௌதாரி மட்டும் சிரிக்கவில்லை.

"இது தேள் கொட்டுகிற மாதிரி இல்லை அக்கா, உடனே தெரிவதற்கு" என்று சொல்லிவிட்டுத் தன் புதரை நோக்கி நடந்தாள்.

வெயில் சாய்வதற்குள் அவளுக்கு வாந்தி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட்டுக்கு வெளியே சுருண்டு விழுந்தாள். முட்டைகள் திறந்து கிடந்தன. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

"போதும்டி நடிப்பு!" என்று சொல்லத்தான் கரடி, குரங்கையும் மயிலையும் கூட்டிக்கொண்டு வந்தது. வந்து பார்த்ததும் அவள் பக்கத்தில் குனிந்தது.

"நான்... ஒரே ஒரு சிட்டிகைதான்டி போட்டேன்."

"எனக்கு அது போதும் அக்கா. பேச இப்போது நேரமில்லை. முட்டை ஆறுகிறது!"

கரடி பதறிப்போய்க் கூட்டின் பக்கம் காலைத் தூக்கியது.

"ஐயோ, நீங்கள் உட்கார்ந்தால் ஆம்லெட்தான்!" என்று அலறியது குரங்கு.

அப்போது மயில் முன்னால் வந்தது. "நான் உட்காருகிறேன்."

"மழை வருகிறது! உன் தோகையெல்லாம் சேறாகிவிடுமே!" என்றது குரங்கு.

"ஆகட்டும். நான் ஊரெல்லாம் அளந்ததால்தான் இவள் சொன்ன உண்மையை ஒருவரும் நம்பவில்லை."

மழை கொட்டியது. மயில் அசையவில்லை. அதற்குமேல் கரடி, குடைபோல் குனிந்து நின்றது. மழை விட்டதும் ஓடிப்போய்த் தினைக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்தது.

"அந்தச் சட்டியிலா அக்கா?" என்றாள் கௌதாரி, கண்ணைத் திறக்காமலே.

"புதுச் சட்டிடி! கரண்டியும் புதுசு! கையைக்கூடக் குளத்தில் தேய்த்துக் கழுவிவிட்டேன்!"

கௌதாரி மெல்ல மெல்லத் தேறினாள். முட்டைகள் ஒவ்வொன்றாகப் பொரிந்தன. ஒன்று மட்டும் பொரியவே இல்லை. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடக் கரடிக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அடுத்த அறுப்பு வந்தது. தினைச் சட்டியும் அதன் கரண்டியும் தனிக் கிளையில் தொங்கின. தெரியாமல் அதைத் தொட்ட குரங்கு, கரடியிடம் வாங்கிய அடியில் வாலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சட்டியின் கீழே கௌதாரியின் பிள்ளைகள் சிந்திய தினையைச் சண்டை போட்டுக்கொண்டு கொத்தின.

ஆற்றுப்பக்கத்திலிருந்து புதிதாக வந்த நீர்நாய், உருண்டையைப் பார்த்ததும் தயங்கியது. "அக்கா, தப்பாக நினைக்காதீர்கள். எனக்குத் தேன் ஆகாது. உடம்பெல்லாம் வீங்கிவிடும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

கரடி கரண்டியை ஓங்கியது. கூட்டம் முழுவதையும் ஒரு சுற்று பார்த்தது.

"'ஒரு சொட்டுதானே, என்ன ஆகிவிடும்' என்று சொல்ல ஆசைப்படுகிறவர்கள் தயவுசெய்து முன்னால் வாருங்கள்!"

ஒருவரும் வரவில்லை. குரங்கு தன் வாலில் அவசர அவசரமாகப் பேன் தேடியது.

அடுத்தவர் வயிற்றுவலியை நம்புவதற்கு, நம் வயிறும் வலித்தாக வேண்டும் என்பதில்லை.