அகலப்படுத்திய படகு

ஆற்றோரக் காட்டில் அந்தக் கோடைக்குப் புல் பூண்டே மிஞ்சவில்லை. அக்கரை மட்டும் பச்சைப்பசேல் என்று இருந்தது. பஞ்சி என்ற பெண்முயல் தினமும் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். பட்டினியில் அவள் குட்டிகளுக்குக் காது மட்டும்தான் வளர்ந்திருந்தது. நீந்திப் போகலாம் என்றால் ஆறு அகலம். கரையோடு நடந்து கீழே ஆழமில்லாத துறையில் கடக்கலாம் என்றால், வழியில் ஆறு வளையும் இடத்தில் கழுதைப்புலிகள் குடியிருந்தன.

ஒருநாள் எங்கிருந்தோ ஒரு சின்னப் பாய்மரப் படகு வந்து கரை ஒதுங்கியது. ஒல்லியான உடம்பு, கூரான மூக்கு. அடியில் நடுவே நீளவாக்கில் ஒரு கட்டை துருத்திக்கொண்டிருந்தது. காட்டுத் தலைவரான பெருச்சாளி தொந்தியப்பர், முள்ளம்பன்றியை ஓட்டச் சொல்லி ஒரு நடை போய்ப் பார்த்தார். காற்று ஆற்றோடு கீழ்நோக்கி அடித்தது. படகோ அதைப் பக்கத்தில் வாங்கிக்கொண்டு நேராக அக்கரைக்குப் பறந்தது. போன சுருக்கில் திரும்பியும் வந்தது. பஞ்சிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

அவள் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்தால், தலைவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினார். படகு ஒருபக்கமாகச் சாய்ந்ததாம். முழங்கால் முகவாயில் இடித்ததாம். இப்படி ஒடுங்கிக்கொண்டு போய் இறங்கினால் அக்கரையில் எவன் மதிப்பான் என்று கேட்டார். படகைத் திருத்தாமல் யாரும் ஏறக் கூடாது என்று உத்தரவும் போட்டார்.

திருத்துவதற்கு நண்டு கொடுக்கனை அழைத்தார்கள். தண்ணீரில் பிறந்தவன் என்பதுதான் அவனுடைய தகுதி. அவன் முதுகு தட்டையாக, அகலமாக இருக்கும். ஆகவே உலகத்தில் நல்லது எதுவானாலும் தட்டையாக, அகலமாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவன் கட்சி. படகை நடுவில் பிளந்து, இடையில் பலகைகளைச் சேர்த்துப் பரப்பச் சொன்னான். மூக்கையும் மழுக்கச் சொன்னான்.

உடனே ஆளாளுக்கு இடம் கேட்க ஆரம்பித்தார்கள். முள்ளம்பன்றிக்கு முள்ளை விரிக்க இடம் வேண்டும். உடும்புக்கு வெயில் காய ஒரு மேடை வேண்டும். பஞ்சிக்கு மனசு உறுத்தத்தான் செய்தது. நன்றாக ஓடின படகை ஏன் நோண்டுகிறார்கள் என்று நினைத்தாள். ஆனாலும் மற்றவர்கள் கேட்கும்போது நாம் மட்டும் சும்மா இருப்பானேன் என்று, குட்டிகள் விளையாடக் கொஞ்சம் இடம் விடச் சொல்லி அவளும் கேட்டுவிட்டாள். படகு இன்னும் பெருத்தது.

கடைசியில் அடிக்கட்டை மட்டும் பாக்கி. கொடுக்கன் அதைத் தட்டிப் பார்த்தான்.

"இது எதுக்கு? சேத்துல இடிக்குது. தண்ணிக்குள்ள கிடக்கிறதை யாரு பாக்கப் போறா?"

அதை அறுத்தெடுத்துத் தலைவருக்கு உயரமாக ஓர் ஆசனம் செய்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். பஞ்சியும் தட்டினாள்.

புறப்பட்ட நாளில் பெரிய பாயாக விரித்தார்கள். படகு தண்ணீரைக் கிழிக்கவில்லை, முட்டித் தள்ளியது. முன்னால் தண்ணீர் குவிந்து நின்று வழிவிட மறுத்தது. அடியில் ஆற்றைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால், காற்று தள்ளியதும் ஈரத்தரையில் வைத்த தாம்பாளம் மாதிரி படகு பக்கவாட்டில் வழுக்கியது. அக்கரை மரங்கள் கிட்டே வரவில்லை. வரிசையாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. பஞ்சி நண்டின் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"நண்டண்ணே, படகு பக்கவாட்டுல போகுது!"

"போகுதுல்ல? நானும் அப்படித்தான் போறேன். அதுல என்ன குறை கண்டே?"

"வேகம் பிரமாதம்," என்றார் தலைவர் ஆசனத்திலிருந்து.

"தலைவரே, ஆசனத்துக் கட்டையை எடுத்துத் தண்ணிக்குள்ள நிறுத்திப் பாக்கலாம். கொஞ்சம் எழுந்திருங்க."

தொந்தியப்பர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "உக்காந்தாச்சு. இனி எப்படிம்மா எழுந்திருக்கிறது?"

எழுந்திருக்க அவருக்கு நேரமும் கிடைக்கவில்லை. ஆறு வளைந்தது. படகு அதே வேகத்தில் போய்க் கழுதைப்புலிகளின் கரையில் மோதி நின்றது. வேட்டைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கழுதைப்புலிகள் வந்து வரிசையாக நின்றன.

"நான் இந்தக் காட்டுக்கே தலைவன்," என்றார் தொந்தியப்பர்.

"தெரியுதே. உயரமா உக்காந்திருக்கீங்க," என்று சொல்லி அவரைத்தான் முதலில் தூக்கின.

அந்தக் கலவரத்தில் மற்றவர்கள் சிதறி ஓடினார்கள். பஞ்சி குட்டிகளை விரட்டிக்கொண்டு முட்புதருக்குள் பாய்ந்தாள். ஓடு கடிக்கக் கஷ்டம் என்று கொடுக்கனை ஒருவரும் சீண்டவில்லை. அவன் சாவகாசமாகத் தண்ணீரில் இறங்கினான். மேல்கரைத் தவளைகளும் படகு கட்டப் போகிறார்களாம், ஆலோசனைக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம்.

புதருக்குள் குட்டிகள் பசியில் முனகின. எதிரே அதே பச்சைக் கரை. முதல் நாள் ஏறியிருந்தால் இந்நேரம் அங்கே மேய்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகள். தலைவரைத் திட்டலாம், நண்டைத் திட்டலாம். அந்த அகலத்தில் தான் கேட்டு வாங்கிய இடமும் இருந்ததே என்று நினைத்தபோது பஞ்சிக்கு அழுகை வந்தது.

உட்காருகிற சுகத்துக்காகப் படகின் அடியைக் கெடுத்தவர்கள், போக நினைத்த கரைக்கல்ல, காற்று தள்ளுகிற கரைக்கே போய்ச் சேருவார்கள்.